வாங்குன கேம் யாருக்குச் சொந்தம்?

நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம். நான் மார்த்தாண்டத்துல கம்ப்யூட்டர், டிவி கேம் சர்வீஸ் பாக்குறவன், இருபது வருசத்துக்கு மேல இதே தொழில்தான். கடைக்கு வார பயலுவகிட்ட தெனமும் இதே வாக்குவாதம், இனி கன்சோல்னு சொல்லுத கேம் பெட்டியும் வேண்டாம் டிஸ்க்கும் வேண்டாம், எல்லாம் கிளவுட்ல, அதாவது எங்கியோ இருக்க கம்பெனி கம்ப்யூட்டர்ல ஓடி நெட்டு வழியா படமா வரும், கையில போன் இருந்தா போதும்னு அடிச்சுச் சொல்லுதானுவ.

போன மாசம் கொளச்சல்ல இருந்து ஒரு அக்கா பழைய டிவி கேமும் ஒரு மஞ்ச கேசட்டும் கொண்டு வந்தாங்க. அவங்க அண்ணன் கல்ஃப்ல இருந்து வாங்கிட்டு வந்ததாம், அண்ணன் இப்பம் இல்ல. கடல் பக்கத்து வீடு, உப்புக்காத்து பட்டு கேசட் பின்னெல்லாம் பச்சை புடிச்சுக் கெடந்து. பென்சில் அழிக்குற ரப்பர வச்சு பைய தேச்சு, ஸ்பிரிட்ல தொடச்சு சொருகுனேன், ரெண்டாவது தடவையில படம் தெளிஞ்சு பாட்டும் கேட்டுது. அக்கா கண்ணு நெறஞ்சுட்டு.

அதே வாரம் பக்கத்து வீட்டுப் பய ஓடி வந்தான், மாமா கேம் ஓப்பன் ஆவலன்னு. ரெண்டு வருசமா காசு போட்டு காரெல்லாம் வாங்கி வச்ச கேமு, கம்பெனிக்காரன் சர்வர, அதாவது நெட்டு வழியா அந்த கேம ஓட்டுற அவனோட கம்ப்யூட்டர, நிப்பாட்டிட்டான். நான் என்னத்த ரிப்பேர் பண்ண, தேய்க்கதுக்கு அதுல பின் ஏது?

இது அவனுக்கு மட்டும் வந்த கஷ்டம் இல்ல. யூபிசாஃப்ட்னு ஒரு கேம் கம்பெனியோட தி க்ரூங்குற கார் ரேஸ் கேம் 2014ல வந்தது, 2024 மார்ச் 31ஓட சர்வர் நிறுத்தியாச்சு, டிஸ்க் வாங்குனவங்களுக்கும் தனியா இருந்து ஓட்ட முடியாது. அதுலதான் ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்னு ஒரு இயக்கமே கெளம்புச்சு, ஐரோப்பாவுல 10 லட்சத்துக்கு மேல கையெழுத்துப் போட்டாங்க. கலிபோர்னியாவுல 2025ல இருந்து ஒரு சட்டம், நீங்க வாங்குறது லைசென்ஸ்தான், அதாவது விளையாடுறதுக்கு அனுமதிதான், கேம் உங்களுக்குச் சொந்தம் இல்லன்னு தெளிவாச் சொல்லாம நெட்டு கடையில வாங்குங்கன்னு பட்டன் வைக்கக் கூடாது. நம்ம ஊர்லயும் இது வேணும்னுதான் நான் சொல்லுதேன்.

கிளவுட் வராதுன்னு நான் சொல்லல கேட்டியளா. ஃபைபர்ல வெளிச்சம் ஒரு செகண்டுக்கு 2 லட்சம் கிலோமீட்டர் போவும், நாகர்கோவில்ல இருந்து சென்னை 700 கிலோமீட்டர்னு வச்சா போயிட்டு வர 7 மில்லிசெகண்ட்தான், செகண்டுக்கு 60 ஃப்ரேம், அதாவது 60 படம் காட்டுற கேமுக்கு ஒரு ஃப்ரேமே 16 மில்லிசெகண்டுக்கு மேல ஆவும். அப்பம் தூரம் பிரச்சனை இல்ல. நடுவுல உள்ள ரூட்டர், வீட்டு வைஃபை, சர்வர்ல படத்த சுருக்கி இங்க விரிக்க புடிக்குற நேரம், இதெல்லாம் சேரும்போதுதான் பட்டன் அமுக்கி கொஞ்சம் கழிச்சு கேம்ல உள்ள ஆளு சாடுவான். 2017ல ஓகி புயல் அடிச்சப்போ எங்க தெருவுல கரண்டு வந்த பெறவும் நெட்டு வரல, அதையும் மறக்கப்படாது.

கூகுளே ஸ்டேடியான்னு ஒரு கிளவுட் கேம் சர்வீஸ 2019ல ஆரம்பிச்சு 2023 ஜனவரில மூடிட்டாங்க, ஆனா வாங்குன காச திருப்பிக் குடுத்தாங்க, கண்ட்ரோலர புளூடூத்ல வேலை செய்யுற மாதிரி மாத்தியும் விட்டாங்க, அது மரியாதையான காரியமாக்கும். எல்லா கம்பெனியும் மூடும்போது நெட்டு இல்லாம ஓடுற மாதிரி ஒரு அப்டேட் விட்டுட்டு மூடட்டும். புதுசா கேம் செய்யும்போதே இத யோசிச்சு செஞ்சா பெரிய செலவு ஆவாது, கடைசியில ஒட்டுப்போடப் போனாத்தான் கஷ்டம்.

பிள்ளையளுக்கு கேம் வாங்கிக் குடுக்குறவங்க ஒண்ணு செய்யுங்க. வாங்குன அன்னைக்கே நெட்ட ஆஃப் பண்ணிட்டு ஓடுதான்னு பாருங்க. ஸ்டீம்னு கம்ப்யூட்டர் கேம் விக்குற நெட்டு கடையில வாங்குனதுன்னா 14 நாளுக்குள்ள, 2 மணி நேரத்துக்குக் கொறைவா விளையாடியிருந்தா, திருப்பிக் குடுத்து காசு கேக்கலாம்.