‘எவரும்’ என்ற ஒரு சொல்

வணக்கம் நேயர்களே. இருபது வருடங்களுக்கு மேல் நீதிமன்றங்களில் தமிழ் மொழிபெயர்ப்பாளராக இருந்தவன் நான். அதனால் சட்டத்தைத் திறந்தால் முதலில் சொற்கள்தான் என் கண்ணில் படும்.

நம் சிங்கப்பூர் அரசியலமைப்புச் சட்டத்தில் அடிப்படை உரிமைகளைச் சொல்வது நான்காம் பாகம். 9 முதல் 16 வரை எட்டே பிரிவுகள். ஒரு கோப்பி குடித்து முடிப்பதற்குள் படித்துவிடலாம். அதில் பேச்சுரிமை, கூடும் உரிமை, சங்கம் அமைக்கும் உரிமை எல்லாம் 14ஆம் பிரிவு. நாடாளுமன்றம் வரம்பு போடலாம் என்றும் அங்கேயே இருக்கிறது. அந்த உரிமைகள் குடிமக்களுக்கு. ஆனால் 9ஆம் பிரிவில் குடிமக்கள் என்ற சொல்லே வராது. எவருடைய உயிரையும் சுதந்திரத்தையும் சட்டப்படி அன்றிப் பறிக்கக்கூடாது என்கிறது அது. எவருடைய! இந்தச் சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, தேக்கா பக்கம். புதுக்கோட்டைத் தம்பி ஒருவர் என்னிடம் வந்தார். அவரோடு தங்கியிருந்தவரைப் போலீஸ் அழைத்துப் போயிருந்தது. “நாங்க ஒர்க் பெர்மிட்டுதானே ஐயா, எங்களுக்கு ஏது உரிமை?” என்றார். எனக்குத் தொண்டை அடைத்தது. கைப்பேசியில் 9ஆம் பிரிவை எடுத்து, வரி வரியாகத் தமிழில் சொன்னேன். கைது செய்தால் காரணத்தைச் சொல்ல வேண்டும். அவர் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்துபேச விட வேண்டும். 48 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். விதிவிலக்குகள் உண்டு, அவற்றையும் சொன்னேன். தம்பி மூன்று முறை திருப்பிச் சொல்லச் சொன்னார். ஊருக்குப் பணம் அனுப்பிய ரசீதின் பின்பக்கம் ‘எவரும், 48 மணி’ என்று எழுதி, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

குடிமகனின் இளஞ்சிவப்பு அடையாள அட்டையா, நிரந்தரவாசியின் நீலமா, ஒர்க் பெர்மிட்டா என்ற கேள்வியெல்லாம் அப்புறம். உரிமை அதற்கு முன்பே வந்து நிற்கிறது. இதைத்தான் நான் போகிற இடமெல்லாம் சொல்கிறேன்.

சரி, நேரம் ஓடுகிறது. அரசியலமைப்பைப் பற்றிய ஹவ்காங் தொகுதி வழக்கையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2012இல் அங்கே நாடாளுமன்ற இடம் காலியானது. இடைத்தேர்தல் எப்போது என்று நீதிமன்றத்தில் கேட்டவர் அந்தத் தொகுதியில் குடியிருந்த ஒரு தமிழ்ப் பெண்மணி, பகுதிநேரத் துப்புரவுப் பணியாளர். வழக்கு முடிவதற்குள் தேர்தல் நடந்துவிட்டது. அவருடைய மேல்முறையீடும் தள்ளுபடியானது. ஆனாலும் 2013இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்றைத் தெளிவாகச் சொன்னது: ஒரே உறுப்பினரைக் கொண்ட தனித்தொகுதி காலியானால், பிரதமர் நியாயமான காலத்துக்குள் இடைத்தேர்தல் வைக்க வேண்டும், நாடாளுமன்றத்தையே விரைவில் கலைப்பதாக இருந்தால் தவிர.

தமிழை ஆட்சிமொழியாக்கும் 153ஏ பிரிவைப் பற்றியும் பேச நினைத்திருந்தேன். நேரமில்லை. இன்றிரவு வீட்டில் 9ஆம் பிரிவை மட்டும் ஒருமுறை வாய்விட்டு வாசியுங்கள். பிள்ளைகளும் பக்கத்தில் இருக்கட்டும். வணக்கம்.