அவைத்தலைவர் நாற்காலியும் வரிக் கணக்கும்

(கோவையில் நடந்த கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, மண்டபத்தை வாடகையில்லாமல் கொடுத்த ஆலை அதிபர் ஐயா அவர்களே, துண்டு போர்த்திய வணிகர் சங்கத்தாரே, முன்வரிசையில் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் என் பழைய கணக்கு வாத்தியார் அவர்களே, தாய்மார்களே, வணக்கம். யார் பெயரையாவது விட்டிருந்தால் பொறுத்தருள வேண்டும்.

நம்ம ஊர் ஆர்.கே.சண்முகம் செட்டியாரைப் பற்றி மூன்று விஷயம் பேசப்போகிறேன்: அவை நடைமுறை, வரி, தமிழிசை.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். அளக்கத் தெரிந்த மனிதர் அவர். 1933இல் டெல்லி மத்திய சட்டசபையின் தலைவர். இன்றைய சபாநாயகர் மாதிரி. யார் எப்போது பேசலாம், எந்தத் திருத்தம் செல்லும் என்று தீர்ப்பளித்தவர். அடுத்த ஆண்டே தேர்தலில் தோற்றார் என்பது வேறு கதை. அப்புறம் 1947 நவம்பர் 26 அன்று, நிதியமைச்சராக, சுதந்திர இந்தியாவின் முதல் பட்ஜெட்டை வாசித்தவரும் அவரே. ஏழரை மாதக் கணக்கு. வரவு 171 கோடியே 15 லட்சம், செலவு 197 கோடியே 39 லட்சம். அதில் பாதுகாப்புக்கு மட்டும் 92 கோடியே 74 லட்சம். நாடு பிரிந்த ரணம் ஆறாத நேரம். வரி ஏய்ப்பு விசாரணைப் பட்டியலில் சில பெயர்களை நீக்கிய சர்ச்சையில் 1948இல் பதவி விலகினார். அதையும் மறைக்கக் கூடாது.

சட்டத்தின் அதிகாரமில்லாமல் வரி வாங்கக் கூடாது என்கிறது அரசியல் சட்டத்தின் 265ஆம் பிரிவு. செலவைத் தட்டிக்கேட்க உறுப்பினருக்கு வெட்டுத் தீர்மானம் இருக்கிறது. ஒரு துறையின் கொள்கையே பிடிக்கவில்லையென்றால் அதன் மானியத்தை, அதாவது அந்தத் துறைக்கு அவை ஒதுக்கும் பணத்தை, ஒரு ரூபாயாகக் குறை என்பார். குறிப்பிட்ட குறையைச் சொல்ல நூறு ரூபாய் மட்டும் குறை என்பார். எவ்வளவு நயமான ஆயுதம்! ஆனால் 2018இலும் 2023இலும் மக்களவை மானியக் கோரிக்கைகளை விவாதமே இல்லாமல் நிறைவேற்றியது. கில்லட்டின் என்று அதற்குப் பெயர். ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொன்னார்கள்; இங்கே அளக்கவும் நேரமில்லை.

எங்கள் ஊர்க் கிராமசபையில் ஒருமுறை என்ன நடந்தது தெரியுமா? செயலர் ரயில் வேகத்தில் கணக்கு வாசிக்கிறார். எல்லாரும் கை தூக்கத் தயார். பின்னாலிருந்து ஒரு பாட்டி எழுந்து, "தம்பி, தெருவிளக்குச் செலவுன்னியே, எத்தன பல்பு?" என்றார். இவர் தாளைப் புரட்டுகிறார். "அறுபது, பாட்டி." "எங்க தெருவுல ஒண்ணுகூட எரியலையே, அந்த அறுபதும் உங்க வீட்டுலயா எரியுது?" சிரிப்பு அடங்கப் பத்து நிமிஷம். "எழுதுய்யா, நான் கேட்டத எழுது" என்று பாட்டி உட்காரவே இல்லை. பதிவேட்டில் எழுதிய பிறகுதான் வெற்றிலையை எடுத்தார். அடுத்த வாரம் எங்கள் தெருவில் வெளிச்சம். பாட்டி போட்டது வெட்டுத் தீர்மானம்தானே ஐயா?

தமிழிசைக்கு நேரமில்லை என்று தலைவர் கண்ணைக் காட்டுகிறார். சரி. நான் ஊர் ஊராகக் கேட்பதை இங்கேயும் கேட்கிறேன். கிராமசபைக்கு ஒரு வாரம் முன்பே வரவு செலவுக் கணக்கை ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்ட வேண்டும், வீட்டு வரி வரவு உட்பட. மே 1 கிராமசபைக்கு முன் மனு கொடுக்கிறோம். கையெழுத்துத் தாள் வாசல் மேசையில் இருக்கிறது. பேனா தம்பியிடம் கேளுங்கள்.