14 நாள் எலி பிழைத்தால் மூலிகை தேறிவிட்டதா?

[காட்சி: வேலியில் படர்ந்த முடக்கறுத்தான் கொடி]

மூட்டுவலிக்கு முடக்கறுத்தான் தோசை சுடாத ஊர் தமிழ்நாட்டில் குறைவு. அந்த இலை வீக்கத்தைக் குறைக்கிறதா என்று ஆய்வுக்கூடத்தில் எப்படிப் பார்க்கிறார்கள்?

நிழலில் உலர்த்திய இலையைப் பொடித்து, எத்தனாலில் ஊறவைத்து, வடிகட்டி, எத்தனாலை ஆவியாக்குகிறார்கள். மிஞ்சுகிற பசைதான் சாறு.

[காட்சி: எலியின் பின்பாதம், வரைபடமாக]

இனி 1962 முதல் புழக்கத்தில் உள்ள சோதனை. சாற்றை வாய்வழியாகக் கொடுத்து, பிறகு எலியின் பாதத்தில் 1 சதவீத கராஜீனன் கரைசலை 0.1 மில்லி ஊசியால் ஏற்றுகிறார்கள். கராஜீனன் சிவப்புக் கடற்பாசியிலிருந்து எடுப்பது; ஐஸ்கிரீமிலும் அது உண்டு. பாதம் புசுபுசுவென்று வீங்கும். அதை நீரில் அமிழ்த்தி, எவ்வளவு நீர் விலகுகிறது என்று மணிக்கு மணி அளப்பார்கள். தொடக்க வீக்கத்துக்கு உடலே சுரக்கும் ஹிஸ்டமின், செரடோனின் என்ற வேதிப்பொருள்கள் காரணம். மூன்றாம் மணியை ஒட்டி புரோஸ்டாகிளாண்டின் என்ற இன்னொன்று மேலோங்கும். ஆகவே சாறு எதைத் தடுக்கிறது என்பதற்கு, வீக்கம் எவ்வளவு வடிந்தது என்பதைவிட எப்போது வடிந்தது என்பதில்தான் துப்பு இருக்கிறது. ஒப்பிட ஒரு குழுவுக்கு இண்டோமெதசின் என்ற வீக்கம் குறைக்கும் மருந்து, இன்னொன்றுக்கு மருந்தில்லாத வெறும் கரைசல்.

[காட்சி: சூட்டுத் தட்டு, ஓடும் கடிகாரம்]

வலிக்கு 55 டிகிரி சூட்டுத் தட்டு. சுண்டெலி பாதத்தை நக்கவோ துள்ளவோ எத்தனை நொடி ஆகிறது என்று பார்ப்பார்கள். காயம் படாமலிருக்கக் குறித்த நொடியில் எடுத்துவிடுவார்கள். நேரம் நீண்டால் வலி குறைந்தது என்று எழுதிவிடலாம். ஆனால் அரைமயக்கத்தில் இருக்கும் எலியும் துள்ளாது! சுழலும் தண்டின்மேல் அது தடுமாறாமல் நிற்கிறதா என்றும் பார்த்தாக வேண்டும். அதைச் செய்யாத கட்டுரையை நான் நம்புவதில்லை.

அளவையும் கவனியுங்கள். எலிக்குக் கிலோவுக்கு 400 மில்லிகிராம் என்றால், எடையால் நேராகப் பெருக்காமல் உடலின் பரப்பளவை வைத்து மாற்றும் கணக்கில் 60 கிலோ மனிதருக்குச் சுமார் 4 கிராம் சாறு. இலையில் பத்தில் ஒரு பங்கு சாறாகத் தேறும் என்று வைத்துக்கொண்டாலும், 40 கிராம் உலர்ந்த இலை வேண்டும். எந்தத் தோசையில் அவ்வளவு விழுகிறது?

[காட்சி: நாள்காட்டி]

அடுத்தது நச்சுத்தன்மை. சர்வதேச வழிகாட்டு நெறி ஒன்றின்படி, மூன்று எலிகளுக்குக் கிலோவுக்கு 2000 மில்லிகிராம் வரை ஒரே தடவையில் கொடுத்து 14 நாள் கவனிக்கிறார்கள். சாவு இல்லையென்றால் ‘பாதுகாப்பானது’ என்று முடித்துவிடும் கட்டுரைகள் ஏராளம். உடனடியாகக் கொல்லவில்லை என்பதற்கு மேல் அது எதையும் காட்டுவதில்லை.

1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் மெலியச் சீன மூலிகை மாத்திரை எடுத்த பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. ஒரு மூலிகைக்குப் பதிலாக அரிஸ்டோலோக்கியா என்ற செடி கலந்துவிட்டிருந்தது. சிலருக்குப் பின்னாளில் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. நம் ஆடுதீண்டாப்பாளையும் அதே பேரினம்தான். மாதக்கணக்கில் தின்றபின் தெரியும் கேட்டை ஒரே ஒரு வேளை மருந்தும் 14 நாளும் எப்படிப் பிடிக்கும்?

அதற்குத்தான் 28 நாள், 90 நாள் தொடர் சோதனைகள் இருக்கின்றன. மரபணுவைச் சிதைக்கிறதா என்று பாக்டீரியாவில் பார்க்கும் ஏம்ஸ் சோதனை சில நாளில் முடிந்துவிடும். அரிஸ்டோலோக்கியாவின் நஞ்சான அரிஸ்டோலோக்கிக் அமிலம் அதிலேயே சிக்கிக்கொள்கிறது.