ஓரியன் நெபுலா: ஒளியேற்றும் விண்மீனே அரித்தெடுக்கும் முகில்

[காட்சி: சொத்தவிளைக் கடற்கரை, இரவு. கேமரா தெற்கு அடிவானத்திலிருந்து மெல்ல உச்சி நோக்கி உயர்கிறது.]

தை மாதத்தின் பிற்பகுதியில், இரவு ஒன்பது மணி அளவில், சொத்தவிளைக் கடற்கரையிலோ மருந்துவாழ் மலை அடிவாரத்திலோ நின்று அண்ணாந்து பார்த்தால், ஓரியன் விண்மீன் குழு ஏறக்குறைய தலைக்கு மேலே நிற்கும். அதன் நடுவே வரிசையாக உள்ள மூன்று விண்மீன்களுக்குச் சற்றுத் தெற்கே ஒரு மங்கலான திட்டு தெரியும். அதுதான் ஓரியன் நெபுலா. கன்னியாகுமரி மாவட்டம் நிலநடுக்கோட்டுக்கு 8 பாகை வடக்கே மட்டுமே இருப்பதால், இந்த நெபுலா இங்கே உச்சியிலிருந்து 14 பாகைக்குள் வந்துவிடுகிறது. ஆனால் சுசீந்திரத்தில் மார்கழித் திருவாதிரை நடக்கும் இரவில் இதைத் தேட வேண்டாம். அன்று நிறைநிலவோ அதற்கு நெருங்கிய நிலவோ ஓரியனுக்கு அருகிலேயே இருப்பதால், மங்கலான எதுவும் கண்ணுக்குத் தப்பிவிடும்.

[காட்சி: நெபுலாவின் நடுப்பகுதி. நான்கு விண்மீன்கள் நெருக்கமாகத் தெரிகின்றன.]

சுமார் 1,350 ஒளியாண்டு தொலைவில், ஏறத்தாழ 24 ஒளியாண்டு அகலத்தில் பரந்திருக்கும் இந்த வாயு முகில் எரிந்துகொண்டிருக்கவில்லை. அதன் நடுவே டிரப்பீசியம் என்ற இளம் விண்மீன் கூட்டம் உள்ளது. நமது சூரியனுக்கு வயது 460 கோடி ஆண்டுகள். இவற்றுக்கோ பத்து லட்சம் ஆண்டுகளை ஒட்டிய வயதுதான். இவற்றுள் பெரியதான தீட்டா-1 ஓரியானிஸ் சி என்ற விண்மீனின் மேற்பரப்பு வெப்பநிலை சுமார் 39,000 கெல்வின். சூரியனின் மேற்பரப்பு 5,800 கெல்வினுக்கும் குறைவு. இவ்வளவு வெப்பமான விண்மீன் தன் ஆற்றலின் பெரும்பகுதியைப் புற ஊதாக் கதிர்களாகவே வெளியிடுகிறது. அந்தக் கதிர்களின் அலைநீளம் 91.2 நானோமீட்டருக்குக் குறைவாக இருந்தால், அவை ஹைட்ரஜன் அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிய்த்தெறியும். தனித்துத் திரியும் எலக்ட்ரான் பின்னர் ஒரு புரோட்டானுடன் மீண்டும் சேர்ந்து, ஒவ்வொரு ஆற்றல் படியாகக் கீழே இறங்குகையில் ஒளியை உமிழ்கிறது. மூன்றாம் படியிலிருந்து இரண்டாம் படிக்கு இறங்கும்போது வெளிப்படும் 656.3 நானோமீட்டர் ஒளிதான் நாம் படங்களில் காணும் சிவப்பு.

[காட்சி: நிறமாலை. கருநிறப் பின்னணியில் ஒரு பச்சைக் கோடு.]

பச்சை நிறத்தின் கதை இதைவிடச் சுவையானது. 1864-இல் வில்லியம் ஹகின்ஸ் என்ற ஆங்கிலேய வானியலாளர் ஒரு நெபுலாவின் ஒளியை முதன்முறையாகப் பிரித்துப் பார்த்தபோது, தொடர்ச்சியான வானவில்லுக்குப் பதிலாகத் தனித்தனி ஒளிக்கோடுகளைக் கண்டார். நெபுலா வாயுவால் ஆனது என்பதற்கு அதுவே சான்று. ஆனால் அந்தப் பச்சைக் கோடுகள் பூமியில் அறியப்பட்ட எந்தத் தனிமத்துக்கும் பொருந்தாததால், ‘நெபுலியம்’ என்ற புதுத் தனிமம் இருப்பதாகவே பலர் பல ஆண்டுகள் கருதினர். இரண்டு எலக்ட்ரான்களை இழந்த ஆக்சிஜன்தான் அது என்பதை 1927-இல் அமெரிக்க இயற்பியலாளர் ஐரா போவன் விளக்கினார். கிளர்ச்சியுற்ற அந்த ஆக்சிஜன் அயனி 500.7 நானோமீட்டர் ஒளியை உமிழச் சராசரியாக அரை நிமிடத்துக்கும் மேல் எடுத்துக்கொள்ளும். பூமியின் காற்றில் அதற்குள் எண்ணற்ற மோதல்கள் நிகழ்ந்து, அந்த ஆற்றல் வேறு வழியில் போய்விடும். நெபுலாவின் ஒரு கன சென்டிமீட்டரில் இருப்பவையோ சில ஆயிரம் அணுக்கள். அதே அளவு காற்றில் உள்ள மூலக்கூறுகளின் எண்ணிக்கையை எழுத 20 இலக்கங்கள் வேண்டும். காலியிடம் என்று சொல்லத்தக்க அளவுக்கு வாயு அடர்த்தி குறைந்திருப்பதால்தான் அந்தப் பச்சை ஒளி பிறக்கிறது. தொலைநோக்கியில் பார்ப்பவருக்குச் சிவப்பு தென்படாமல், சாம்பலும் லேசான பச்சையும் கலந்த நிறம் தென்படுவதற்கு, மங்கலான வெளிச்சத்தில் நம் கண்ணுக்குப் பச்சைப் பகுதியில் உணர்திறன் மிகுந்திருப்பதே காரணம். படங்களை நம்பி வந்து ஏமாறுகிறவர்களுக்கு இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

[காட்சி: முகிலின் குறுக்குவெட்டு வரைபடம்.]

இனி வடிவத்துக்கு வருவோம். எலக்ட்ரானை இழந்து அயனியான வாயு ஏறத்தாழ 10,000 கெல்வின் வரை சூடாகிறது. சுற்றியுள்ள மூலக்கூறு முகிலோ கடுங்குளிரில் இருக்கிறது. இந்த அழுத்த வேறுபாட்டால் சூடான வாயு விரிந்து, எளிதான திசையில் வெளியே பாய்கிறது. ஓரியனில் அந்தத் திசை நம்மை நோக்கி அமைந்திருப்பதால், பெருமுகில் ஒன்றின் முன்பக்கத்தில் குடையப்பட்ட பள்ளத்துக்குள் நாம் எட்டிப் பார்க்கிறோம். கதிர்வீச்சுடன், விண்மீனிலிருந்து பாய்ந்து வரும் துகள்களின் ஓட்டமான விண்மீன் காற்றும் சேர்ந்துகொள்கிறது. விநாடிக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் அது வீசுகிறது. போயிங் 747 விமானத்தில் பொருத்தப்பட்ட சோஃபியா தொலைநோக்கியின் அளவீடுகளைக் கொண்டு, இந்தக் காற்று ஊதிய ஒரு பெரும் குமிழியின் ஓடு விநாடிக்குச் சுமார் 13 கிலோமீட்டர் வேகத்தில் விரிவதாக 2019-இல் அறிவித்தார்கள். அந்தக் குமிழிக்குள் புதிய விண்மீன்கள் உருவாவதற்குத் தேவையான வாயு மிஞ்சுவதில்லை.

எல்லா இடமும் ஒரே வேகத்தில் அரிபடுவதில்லை. செம்மண் மேட்டில் பெருமழை பெய்தால், சரளைக்கல் மூடிய இடத்து மண் மட்டும் சிறு தூணாக மிஞ்சுவதைப் பார்த்திருப்பீர்கள். அடர்ந்த வாயுக் கட்டிகளும் அவ்வாறே தமக்குப் பின்னால் உள்ள வாயுவைக் கதிர்களிடமிருந்து மறைத்துக் காக்கின்றன. 1995-இல் ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி படமெடுத்த கழுகு நெபுலாவின் தூண்கள் அப்படி உருவானவையே. ஓரியனில் இளம் விண்மீன்களைச் சுற்றியுள்ள தூசித் தட்டுகளும் இதே தாக்குதலுக்கு உள்ளாகின்றன. கோள்கள் பிறக்கக்கூடிய அந்தத் தட்டுகளிலிருந்து வாயு ஆவியாகி, தீட்டா-1 ஓரியானிஸ் சி இருக்கும் திசைக்கு எதிரே வாலாக நீள்வதை ஹபிள் படங்கள் காட்டுகின்றன.

[காட்சி: தெற்குக் கடல், அடிவானத்துக்கு மேலே கரீனா நெபுலா.]

இதைவிடப் பெரிய கரீனா நெபுலா, தில்லியில் அடிவானத்தை ஒட்டியே நின்றுவிடுகிறது. கன்னியாகுமரியில் சித்திரைத் தொடக்கத்து இரவு ஒன்பது மணிக்கு அது கடலுக்கு மேலே சுமார் 22 பாகை உயரத்தில் நிற்பதால், பைனாகுலரிலேயே பார்த்துவிடலாம். இந்த வாய்ப்பை நம் மாவட்டத்து மாணவர்கள் இன்னும் போதுமான அளவு பயன்படுத்தவில்லை என்பது என் எண்ணம்.

இப்படி அரிக்கப்படும் முகில் சில பத்து லட்சம் ஆண்டுகளில் கலைந்து, விண்மீன்கள் மட்டுமே எஞ்சும். 10 கோடி ஆண்டுகளுக்கு மேல் வயதான கார்த்திகைக் கூட்டம் அந்தக் கட்டத்தைக் கடந்துவிட்டது. படங்களில் அதைச் சுற்றித் தெரியும் நீல மூட்டம் அதன் பிறப்பு முகிலின் மிச்சமன்று. வழியில் எதிர்ப்பட்ட வேறொரு தூசி முகில், தானே ஒளிராமல், அந்த விண்மீன்களின் ஒளியைச் சிதறடிக்கிறது.