சனிக்கிழமைக் கணக்கு

(சேலம் அம்மாப்பேட்டையில், மகளிர் சுயஉதவிக் குழுக்களின் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையில் அமர்ந்திருக்கும் சகோதரிகளுக்கும், இடமில்லாமல் வாசலருகே நிற்கும் தம்பிமார்களுக்கும் என் வணக்கம்.

வீட்டுச் சிக்கனம் பற்றிப் பேச வேண்டும் என்று அழைத்தீர்கள். சிக்கனம் என்ற சொல்லைக் கேட்டதும் பெண்களின் முகம் வாடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். காலைக் காப்பியை விடச் சொல்வாரோ, பிள்ளைக்கு வாங்கும் பிஸ்கட்டை நிறுத்தச் சொல்வாரோ என்ற கவலை அது. அப்படி எதையும் நான் சொல்லப் போவதில்லை. ஏற்கெனவே வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி வாழ்கிறவர்களிடம் இன்னும் கட்டு என்று சொல்வது நியாயமும் ஆகாது. ஒரு கூட்டுறவு வங்கியின் நகைக்கடன் பிரிவில் 31 ஆண்டுகள் உட்கார்ந்திருந்து நான் கண்டறிந்த ஒன்றைத்தான் உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். நம் ஊர்க் குடும்பங்களைக் கடனில் தள்ளுவது அன்றாடச் செலவு அன்று. ஆண்டுதோறும் அதே மாதத்தில் வரும் என்று நன்றாகத் தெரிந்திருந்தும், அதற்கென்று எடுத்துவைக்காமல் விட்ட செலவே தள்ளுகிறது.

ஜூன் முதல் வாரத்தில் எங்கள் கிளையில் கூட்டம் நெரியும். பள்ளிக்கூடம் திறக்கும் நேரம். வரிசையில் நிற்கும் பெண்களில் பலர் வீட்டிலேயே தோட்டைக் கழற்றி, துளை தூர்ந்துவிடாமல் இருக்க வேப்பங்குச்சியைச் செருகிக்கொண்டு வந்திருப்பார்கள். அவர்களில் ஒரு தங்கை, ஏழெட்டு ஆண்டுகள் தொடர்ந்து அதே தோட்டைக் கொண்டுவந்தார். மதிப்பீட்டாளர் தராசில் வைக்கும் முன்பே எனக்கு அதன் எடை தெரியும்: 4 கிராம் 200 மில்லி. ஒவ்வொரு முறையும் அவர் சொன்ன சொல்லும் ஒன்றே: “திடீர்னு செலவு வந்துடுச்சுக்கா.” அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு அது திடீரென்றுதான் தெரிந்தது. ஆனால் பிள்ளை ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த அன்றே, அடுத்த பன்னிரண்டு ஜூன் மாதங்களும் எழுதிவைத்ததுபோல் வந்துவிட்டன அல்லவா?

மாத வருமானக்காரர்களுக்கென்று எழுதிய கணக்கு முறை நமக்குப் பொருந்தாததும் இதற்கு ஒரு காரணம். முதல் தேதி சம்பளம், ஐந்தாம் தேதி வாடகை, பத்தாம் தேதிக்குள் மளிகை என்று போடும் கணக்கு உருக்காலையில் வேலை பார்ப்பவருக்குச் சரி, ஆசிரியருக்குச் சரி. செவ்வாய்ப்பேட்டையிலும் சிவதாபுரத்திலும் கொலுசுப் பட்டறையில் வேலை செய்கிறவருக்கும், தறிக்காரருக்கும், லாரி ஓட்டுநருக்கும், கொத்தனாருக்கும் அது எப்படிப் பொருந்தும்? இவர்களில் பெரும்பாலோருக்குக் கூலி வாரக் கூலி. வெள்ளி விலை ஏறினால் ஆர்டர் குறையும்; ஆர்டர் குறைந்தால் சனிக்கிழமைக் கவர் மெலியும். வரவு வாரத்துக்கு வாரம் மாறுகிறது. செலவோ ஆண்டுக்கு ஒருமுறை மலைபோல் வந்து நிற்கிறது. நடுவில் மாதம் என்ற ஒன்றுக்கு இங்கே வேலையே இல்லை.

என் தாயாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. என் தந்தையார் இதே அம்மாப்பேட்டையில் குழித்தறியில் வெண்பட்டு வேட்டி நெய்தவர். வேட்டியின் கரைக்கு ஓட்டிய வண்ண இழைகளில் மிஞ்சிய துண்டுகளை அம்மா பத்திரப்படுத்துவார். பழைய புடவைத் துணியில் கையகல அளவில் நான்கு சுருக்குப் பைகள் தைத்து, ஒவ்வொன்றின் வாயையும் ஒரு நிற இழையால் கட்டியிருந்தார். நீலம் வாடகைக்கு, பச்சை எங்கள் படிப்புக்கு, மஞ்சள் ஆடித் திருவிழாவுக்கு, சிவப்பு தீபாவளிக்கு. சனிக்கிழமை மாலை அப்பா கூலியோடு வந்ததும், அரிசி வாங்கக்கூட ஆளனுப்பாமல், முதலில் பாயை விரித்து அந்த நான்கு பைகளையும் எடுத்து வைப்பார். நாணயம் விழும் ஓசையை வைத்தே அந்த வாரம் எப்படிப் போகும் என்று எங்களுக்குத் தெரிந்துவிடும்.

ஒரு மழைக்காலத்தில் தறிக்குழியில் தண்ணீர் ஊறி, மூன்று வாரம் வேலை நின்றது. அம்மா மஞ்சள் பையைத் திறந்துதான் உலை வைத்தார். ஆனால் ஒவ்வொரு முறை எடுத்தபோதும், எடுத்தது எத்தனை ரூபாயோ அத்தனை முடிச்சுகளை அந்த மஞ்சள் இழையில் போட்டார். தறி மறுபடி ஓடத் தொடங்கியபின், ஒவ்வொரு ரூபாயாகத் திருப்பிப் போட்டு முடிச்சை அவிழ்த்தார். தன் வீட்டுப் பணத்துக்கே தான் கடன்காரி என்று எண்ணியவர் அவர். வங்கியில் வேலைக்குச் சேர்ந்து பேரேடுகளைப் புரட்டியபோது, இதைவிடத் தெளிவான கணக்கை நான் அங்கே கற்றுக்கொள்ளவில்லை.

இன்றைய கணக்கை இப்போது போட்டுப் பார்ப்போம். கணவர் கொலுசு வேலை, மனைவி வீட்டிலிருந்தே சலங்கை கோக்கும் வேலை. இருவருக்கும் சேர்த்து வாரம் 6,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், நோட்டு, சீருடை எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 14,000, கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவும் அதற்கு வரும் விருந்தும் 4,000, தீபாவளி 11,000, பொங்கல் 4,500, வீட்டு வரி, தண்ணீர் வரி 2,300, மொய் 7,000, வண்டிக்குக் காப்பீடும் பழுதும் 4,000. கூட்டினால் 46,800 வருகிறது. மொத்தமாகப் பார்த்தால் மலைக்கிற தொகைதான். 52 வாரத்தால் வகுத்துப் பாருங்கள்: வாரம் 900. அதாவது கைக்கு வரும் நூறு ரூபாயில் பதினைந்து ரூபாய்.

900 என்று பிடிவாதமாக நிற்க வேண்டாம் என்பது என் கருத்து. நூற்றுக்குப் பதினைந்து என்று நில்லுங்கள். 4,000 மட்டுமே வந்த வாரத்தில் 600 போதும். தீபாவளிக்கு முன் ஆர்டர் குவிந்து 8,000 வந்த வாரத்தில் 1,200 போய்ச் சேர வேண்டும். மெலிந்த வாரம் நம்மை மிரட்டுவதைவிட, கொழுத்த வாரம்தான் நம்மை அதிகம் ஏமாற்றுகிறது. பொங்கல் முடிந்த சனிக்கிழமை தொடங்கினால், பள்ளி திறப்பதற்குள் ஏறத்தாழ 20 வாரங்கள் கிடைக்கின்றன. வாரம் 900 வீதம் 18,000 சேர்ந்திருக்கும். 14,000 பள்ளிக்குப் போனாலும் ஆடிக்கு 4,000 மிச்சம் நிற்கும்.

எடுத்துவைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட வேண்டும். நம் தெருக்களுக்கு இருசக்கர வண்டியில் வரும் தண்டல்காரரை எல்லோருக்கும் தெரியும். பத்தாயிரம் என்று எழுதிக்கொண்டு கையில் 8,500 கொடுப்பார். நாள் ஒன்றுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். “ஆயிரத்து ஐந்நூறுதானே வட்டி, நூற்றுக்குப் பதினைந்துதானே” என்று தோன்றும். ஆனால் அந்த 8,500 நூறு நாளும் உங்கள் கையில் இருப்பதில்லை. நாள்தோறும் கரைந்து, ஐம்பதாம் நாளில் பாதிக்கு அருகில் வந்துவிடுகிறது. இதை முறைப்படி ஆண்டு வட்டியாகக் கணக்கிட்டால் ஏறத்தாழ 120 விழுக்காடு வரும். நகைக்கடனுக்கு வங்கி வாங்குவதைப் போலப் பல மடங்கு இது. ஜூனுக்கு ஒருமுறை, ஆடிக்கு ஒருமுறை, தீபாவளிக்கு ஒருமுறை, பொங்கலுக்கு ஒருமுறை என்று நான்கு தண்டல் எடுத்தால் வட்டி மட்டும் 6,000. நான் சொன்ன குடும்பத்துக்கு அது ஒரு முழு வாரத்துக் கூலி. ஆண்டில் ஒரு வாரம் இரண்டு பேரும் தண்டல்காரருக்காக உழைத்திருக்கிறார்கள். அதீத வட்டி வசூலைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டே சட்டம் வந்துவிட்டது. ஆனால் அவசரத்தில் கைநீட்டுகிறவர் சட்டப் புத்தகத்தைத் தேடிப் போவதில்லை.

எடுத்துவைத்த பணத்தை எங்கே வைப்பது? வீட்டில் வைக்க வேண்டாம் என்பேன். அம்மாவின் மன உறுதி எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. தெருவில் பிடிக்கும் பதிவில்லாத தீபாவளிச் சீட்டிலும் போட வேண்டாம். எங்கள் அம்மாவே ஒருமுறை சிவப்புப் பையை அவிழ்த்து அப்படி ஒரு சீட்டில் போட்டார். ஐப்பசி பிறப்பதற்குள் சீட்டு நடத்தியவர் ஊரைவிட்டே போய்விட்டார். அந்தத் தீபாவளிக்கு எங்களுக்குப் புதுத்துணி இல்லை என்பதைவிட, அதன்பின் ஒரு வாரம் அம்மா யாரோடும் பேசாமல் இருந்ததுதான் இன்றும் நினைவில் நிற்கிறது. சீட்டுப் போட விரும்புகிறவர்கள், 1982ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பதிவு செய்த சீட்டா என்று பார்த்துத்தான் போட வேண்டும். அஞ்சலகத்தில் மாதம் 100 ரூபாயிலிருந்தே ஐந்தாண்டுத் தொடர் வைப்பு தொடங்கலாம்; நெடுநாள் தேவைக்கு அது நல்லது. ஆண்டுச் செலவுக்கு, வங்கியில் தனியாக இரண்டாவது சேமிப்புக் கணக்கு ஒன்று திறந்து, அதற்கு ஏடிஎம் அட்டை வாங்காமல், கைப்பேசியில் பணம் அனுப்பும் செயலியோடும் இணைக்காமல் விட்டுவிடுவதே என் அனுபவத்தில் சிறந்த வழி. தாளாகக் கொடுக்கும்போது கை கொஞ்சம் தயங்கும். திரையைத் தொட்டுக் கொடுக்கும்போது அந்தத் தயக்கம் வருவதே இல்லை.

உங்கள் குழுவும் இதற்கு ஏற்ற இடம்தான். தமிழ்நாட்டின் முதல் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் 1989இல் தருமபுரி மாவட்டத்தில் தோன்றின. 1965 வரை சேலம் மாவட்டமாகவே இருந்த மண் அது. வாரம் சில ரூபாய் போட்டு, தங்களுக்குள் கடன் கொடுத்து வாங்கிய அந்தப் பெண்கள் செய்ததும் என் தாயார் செய்த முடிச்சுக் கணக்குத்தான். முடிச்சுக்குப் பதில் தீர்மானப் புத்தகம் இருந்தது.

அடுக்களையைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன்; அங்கே நீங்கள் எனக்குக் கற்றுக்கொடுப்பீர்கள். ஆனாலும் ஆண்டுக் கணக்கோடு தொடர்புள்ள ஒன்றைச் சொல்ல வேண்டும். மாசி, பங்குனியில் புதுப்புளி வரும்போது நம் லீ பஜார் மொத்தச் சந்தைக்கு நான்கு வீட்டார் சேர்ந்து போய், மொத்தமாக வாங்கிப் பிரித்து, கொட்டை எடுத்து, வெயிலில் காயவைத்து, உப்பிட்டுப் பானையில் அடைத்தால் அடுத்த மாசிவரை கடைப் புளி வாங்க வேண்டியதில்லை. மிளகாய்க்கும் அதே காலம்தான். நியாயவிலைக் கடையில் கிலோ 30 ரூபாய்க்குத் தரும் துவரம் பருப்பையும், லிட்டர் 25 ரூபாய்க்குத் தரும் பாமாயிலையும் “இந்த மாதம் போகட்டும்” என்று விட்டுவிடாதீர்கள். வெளிச்சந்தை விலையோடு ஒருமுறை ஒப்பிட்டால் அந்தச் சோம்பலின் விலை தெரியும். எரிவாயு உருளை மாட்டிய தேதியை அடுக்களைக் கதவின் உட்புறம் சாக்பீஸால் எழுதுங்கள். 14.2 கிலோ உங்கள் வீட்டில் எத்தனை நாள் வருகிறது என்பது மூன்று தேதிகளில் தெரிந்துவிடும். நாள் குறைந்தால் பர்னரையும் குழாயையும் பார்க்க வேண்டும்.

மின்சாரத்தில் நம்மவர்கள் கவனிக்காத ஒன்று உண்டு. இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் கட்டணம் கூடுவதில்லை. கீழ்ப்படியில் உள்ள யூனிட்டுகளில் ஒரு பகுதிக்கும் கூடிவிடும். 505 யூனிட்டுக்கும் 495 யூனிட்டுக்கும் உள்ள வேறுபாடு பத்து யூனிட்டின் விலை அன்று. ஞாயிற்றுக்கிழமைதோறும் மீட்டரைப் பார்த்துக் குறித்துவைப்பவருக்கு இது முன்கூட்டியே தெரியும். 75 வாட் பழைய மின்விசிறி நாளொன்றுக்கு 16 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 72 யூனிட். 30 வாட்டில் ஓடும் புதுவகை விசிறிக்கு 29 யூனிட் போதும். பழையது கெட்டுப்போகும்போது மறு சுருள் கட்டாமல் மாற்றிவிடலாம்.

மொய் விஷயத்தில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. அது செலவும் இல்லை, சேமிப்பும் இல்லை. உறவுக்குக் கொடுத்துவைக்கும் கடன். ஆடியிலும் மார்கழியிலும் திருமணம் இல்லாததால், வைகாசியிலும் ஆவணியிலும் தையிலும் பத்திரிகைகள் ஒரேயடியாக வந்து குவியும். மொய் நோட்டை எடுத்து, நமக்கு வந்ததைப் பார்த்து, திருப்பிச் செய்ய வேண்டியதை முன்பே எழுதிவைத்தால், கல்யாண மண்டப வாசலில் கௌரவத்துக்காக 500ஐ 1,000 ஆக்க வேண்டியிருக்காது.

சொல்லக் கூசினாலும் ஒன்றைச் சொல்லாமல் போனால் இந்த உரை முழுமையாகாது. 1937 அக்டோபர் 1 அன்று, ராஜாஜி தலைமையிலான சென்னை மாகாண அரசு, மதுவிலக்கை முதன்முதலில் நடைமுறைப்படுத்தியது நம் சேலம் மாவட்டத்தில்தான். அதனால் கருவூலத்துக்கு ஏற்பட்ட இழப்பை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரி வந்தது. ஓர் அரசே அந்த வருமானத்தைக் கணக்கில் எழுதி, அது போனால் எங்கிருந்து ஈடுகட்டுவது என்று யோசித்தது. நம் வீடுகளிலோ அந்தச் செலவு எந்த நோட்டிலும் ஏறுவதில்லை. சண்டையில்லாமல், திட்டாமல், அதையும் ஒரு வரியாக எழுதச் சொல்கிறேன். என்னிடம் வந்த பல குடும்பங்களில், கணவர் தம் கையாலேயே அந்த வரியை எழுதி, ஆண்டுக்குக் கூட்டிப் பார்த்த பிறகுதான் பேச்சு வேறு விதமாகத் தொடங்கியது. ஆகவே இந்தக் கணக்கை மனைவி மட்டும் மறைவாகப் போடக் கூடாது. சனிக்கிழமை மாலை, இருவரும் உட்கார்ந்து, பிள்ளைகளுக்கும் தெரியும்படி போட வேண்டும்.

மேசை மீது நாற்பது பக்க நோட்டுகள் அடுக்கியிருக்கின்றன. ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பக்கத்தில் தை முதல் மார்கழி வரை பன்னிரண்டு மாதப் பெயரையும் எழுதி, சென்ற ஆண்டு எந்த மாதத்தில் நகை அடகுக்குப் போனதோ, எந்த மாதத்தில் தண்டல் எடுத்தீர்களோ, அந்தப் பெயருக்கு எதிரே தொகையைக் குறியுங்கள். கூட்டுவதற்கு உதவி வேண்டியவர்கள் முன்வரிசைக்கு வாருங்கள், நான் இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன்.