99 கதவுகளைத் திறந்து சாத்தியவர்கள்

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். உங்கள் ஊரைப் பற்றிப் பேசுங்கள் என்று கேட்டார்கள், உடனே சரி என்றுவிட்டேன். நிபோங் திபால். மலேசியாவில், பினாங்கு மாநிலத்தின் தென்கோடி. ஒரு பக்கம் பேராவின் பாரிட் புந்தார், இன்னொரு பக்கம் கெடாவின் பண்டார் பாரு. மூன்று மாநிலத்துக்காரர்களும் ஒரே சந்தையில் நின்று மீனுக்குப் பேரம் பேசுவோம்.

கடலோர ஊர் என்றதும் மணலையும் குடையையும் நினைத்துக்கொள்ளாதீர்கள். எங்கள் கடற்கரை சேறு. முழங்கால் வரை இழுக்கும் சேறு, அதை ஒட்டிச் சதுப்புக்காடு, நண்டு, மட்டி. குளிக்க லாயக்கில்லை, குழம்புக்கு ரொம்ப நல்ல கடல்.

வெளியூர்க்காரர்கள் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான். “சார், அந்த 99 கதவு பங்களா உங்க ஊர்தானே? பேய் இருக்காமே?” கலிடோனியா தோட்டத்துப் பழைய பங்களாவைச் சொல்கிறார்கள். இன்று கூரை விழுந்து, சுவரில் வேர் இறங்கி, செம்பனைக்கு நடுவே நிற்கிறது. வார இறுதியானால் பையன்கள் கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு பேய் பிடிக்க வந்துவிடுவார்கள். அங்கே எனக்கு ஒரே ஒரு கேள்விதான் உண்டு. கதவு 99 இருந்ததா, 98 இருந்ததா, அது போகட்டும். தினமும் அத்தனையையும் திறந்து சாத்தியது யார்?

கொஞ்சம் பழைய கதை. 1840களில் இந்தப் பக்கத்தில் வெள்ளைக்காரர்கள் கரும்புத் தோட்டம் போட ஆரம்பித்தார்கள். அவர்களுக்கு முன்பே சீனர்கள் பத்து காவானில் கரும்பு போட்டுவிட்டார்கள், அதையும் சொல்லிவிட வேண்டும். கித்தா மரம், அதாவது ரப்பர் மரம், பார்க்க வந்தவர்கள் என்றுதான் நம்மைப் பற்றி நாமே பேசிக்கொள்கிறோம். ஆனால் இந்த வட்டாரத்தில் நம் ஆட்கள் முதலில் பிடித்தது பால் கத்தி இல்லை, கரும்பு வெட்டும் கத்தி. ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறி வந்தவர்கள். அந்த ஒப்பந்த முறை 1910இல்தான் ஒழிந்தது. அதை ஒட்டியே கரும்பும் போய் ரப்பர் வந்தது, அப்புறம் செம்பனை வந்தது.

கலிடோனியாவுக்கு அன்றைய சொந்தக்காரர்கள் ராம்ஸ்டன் குடும்பம். சாதாரணப் பணக்காரர்கள் இல்லை. இங்கிலாந்தில் ஹடர்ஸ்ஃபீல்டு என்றொரு நகரம். அந்த நகரத்தின் பெரும்பாலான நிலம் இவர்களுடையது. 1920இல் அதை அந்த ஊர் நகராட்சிக்கே விற்றார்கள். யார்க்‌ஷயரில் அவர்கள் ஊரின் பெயர் பைராம். எங்கள் பக்கத்துத் தோட்டத்தின் பெயரும் பைராம்தான். 1948இல், கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரர்கள் அவசரகாலம் அறிவித்த அதே ஆண்டில், ஜான் ராம்ஸ்டன் கலிடோனியாவில் சுடப்பட்டு இறந்தார். பேய்க்கதை எல்லாம் இதிலிருந்துதான் முளைத்தது. ஒரு துரை செத்ததற்கு இத்தனை கதை. கரும்புக் காலத்தில் காய்ச்சலிலும் வயிற்றுப்போக்கிலும் செத்துப்போன கூலிகள் யாரும் பேயாக வந்ததாக நான் கேட்டதில்லை.

சரி, கதவுக்கு வருகிறேன். என் அப்பாயி கல்யாணமாகி வந்த புதிதில் அந்தப் பங்களாவில் வேலை செய்தது. சமையல் இல்லை, பிள்ளை பார்க்கிற வேலையும் இல்லை. கூட்டுவது, துடைப்பது, கதவு. ஆமாம், கதவு ஒரு வேலை! அந்தக் காலத்தில் மின்விசிறியை நம்பி வீடு கட்டவில்லை, காற்றை நம்பிக் கட்டினார்கள். ஒரு பக்கம் நுழைந்த காற்று மறுபக்கம் வெளியேற வேண்டும். அதனால்தான் உயரமான கூரை, எதிரெதிரே கதவுகள். மர்மம் ஒன்றும் கிடையாது, வெயில்தான் காரணம்.

ஒவ்வொரு கதவுக்கும் மேலே ஒரு தாழ்ப்பாள், கீழே ஒரு தாழ்ப்பாள். மேல் தாழ்ப்பாள் அப்பாயிக்கு எட்டாது. மூங்கில் கழியின் நுனியில் கம்பிக் கொக்கி கட்டி வைத்திருந்ததாம். உப்புக்காற்றில் மரம் ஊதிக்கொள்ளும், கதவு நிலையில் சிக்கும். அதற்கு மெழுகுவத்தியைத் தேய்க்க வேண்டும், கீலுக்குத் தேங்காயெண்ணெய் விட வேண்டும். எண்ணெய் தரையில் ஒரு சொட்டு விழுந்தாலும் பேச்சு விழும்.

காலையில் கிழக்குப் பக்கம், வெயில் ஏற ஏற அதைச் சாத்தி மேற்குப் பக்கம், மதியத்துக்கு மேல் மறுபடியும் மாற்று. மோசமான நேரம் விடியற்காலை. மலாக்கா நீரிணையைத் தாண்டி சுமத்ரா காற்று வரும். இந்தக் கரையில் இருப்பவர்களுக்குத் தெரியும். கடல் பக்கம் சட்டென்று கறுக்கும், அடுத்து படாரென்று காற்றும் மழையும். ஆட்களை வேலைக்குக் கூப்பிடும் பெரட்டுச் சங்கு ஊதுவதற்கு முன்னாலேயே பங்களா வேலைக்காரர்கள் லயத்திலிருந்து, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளிலிருந்து, ஓட வேண்டும். துரை தூங்கும் அறையின் கதவை மட்டும் சத்தம் கேட்காமல் சாத்த வேண்டும். அடிக்கிற காற்றில் ஆளுயரக் கதவைச் சத்தமில்லாமல் எப்படிச் சாத்துவது? அப்பாயி செய்து காட்டும்: தோளைக் கதவில் கொடுத்து, இடுப்பால் தாங்கி, மெல்ல மெல்ல. எழுபது வயதிலும் எங்கள் வீட்டுப் பலகைக் கதவை அது அப்படித்தான் சாத்தியது.

“உண்மையிலேயே 99 கதவா, அப்பாயி?” என்று கேட்டேன். “எண்ணிக்கிட்டாடா தொறப்பாங்க?” என்றது. எண்ணியதெல்லாம் பிற்பாடு பார்க்க வந்தவர்கள்தான்.

இன்னொரு கதவும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். எங்கள் மண் தாழ்ந்த மண். கரும்பு போடுவதற்கு முன்னால் கடலைத் தள்ளி வைக்க வேண்டியிருந்தது. கரை மேடு போட்டு, வாய்க்கால் வெட்டி, வாய்க்கால் கடலில் சேரும் இடத்தில் மதகு வைத்தார்கள். கடல் ஏறும்போது மதகை அடைக்க வேண்டும், இறங்கும்போது திறந்து மழைத்தண்ணீரை விட வேண்டும். மறந்தால் உப்புத்தண்ணீர் உள்ளே வந்து பயிர் கருகிவிடும். மதகுக்காரருக்குக் கடிகாரத்தில் வேலை இல்லை, கடல் சொல்கிற நேரம்தான் நேரம். இன்று ஏறியதைவிட நாளை சுமார் ஐம்பது நிமிடம் தள்ளித்தான் ஏறும். அதனால் வேலை நேரம் நாளுக்கு நாள் தள்ளிக்கொண்டே போகும், நடுச்சாமத்திலும் எழுந்து போக வேண்டும். பங்களாவில் கதவு திறந்தவர்களையும் கரையில் மதகு திறந்தவர்களையும் சேர்த்துத்தான் நான் கேட்கிறேன், யார் யார் அவர்கள்? துரைமார் பெயரெல்லாம் எழுத்தில் இருக்கிறது. இவர்கள் பெயர் தோட்டத்துச் செக்ரோலில் சம்பளக் கணக்காக இருந்திருக்கும், அந்தப் புத்தகம் எல்லாம் எங்கே போனதோ.

உங்கள் வீட்டில் வயதானவர்கள் இருந்தால் பங்களாவில் என்ன வேலை செய்தீர்கள் என்று கேளுங்கள். துரை நல்லவரா கெட்டவரா என்று கேட்டால் ஒரு வார்த்தையில் முடித்துவிடுவார்கள். என்ன வேலை, எந்த நேரத்தில், கையில் என்ன வைத்திருந்தீர்கள் என்று கேளுங்கள். அப்போதுதான் பேச்சு வரும். கைப்பேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள். பேய் பிடிக்கத்தான் அது வேண்டுமா என்ன?

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுகிறார்கள். தாமான், அதாவது புதுக் குடியிருப்பு, வாழ்க்கையைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்திருந்தேன். 2014இல் பினாங்குத் தீவிலிருந்து வரும் இரண்டாவது பாலம், 24 கிலோமீட்டர் பாலம், பத்து காவானில் வந்து இறங்கியது. அதற்கப்புறம் எங்கள் பக்கம் வீட்டு விலை ஏறியது. லயத்தில் பிறந்தவர்களின் பிள்ளைகள் தாமானில் குளிர்சாதனம் போட்டுக் கதவை எல்லாம் அடைத்துக்கொண்டு தூங்குகிறார்கள், நானும்தான். அதை இன்னொரு நாள் பார்ப்போம்.

கிரியான் ஆற்று மின்மினிப் பூச்சியைச் சொல்லாமல் போனால் ஊர்க்காரர்கள் விடமாட்டார்கள். படகில் போய்ப் பார்க்கலாம். நிலா இல்லாத இரவாகப் பார்த்துப் போங்கள், மழை பெய்தால் போகாதீர்கள், டார்ச் லைட்டை அடிக்காதீர்கள். போகும் வழியில் பங்களாவுக்குள் நுழையலாம் என்று நினைக்க வேண்டாம். அது தனியார் நிலம், மாடிச் சுவரும் எப்போது வேண்டுமானாலும் விழலாம். பசித்தால் ஆற்றோரக் கடைகளில் நண்டு கிடைக்கும், விலையை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். நன்றி, வணக்கம்.