சட்டக்கல்லூரி கடைசி வருஷ கட்டாய பேப்பரு: ரெக்கார்டு நோட்ட காப்பி அடிக்காதீங்கடே

(பாளையங்கோட்டை கோர்ட்டு வாசல், காலைல ஒம்பதரை, பின்னால டீக்கடை சத்தம்)

மக்கா, எல்லாரும் எப்படி இருக்கிய. சட்டக்கல்லூரில பாதி வருஷம் தாண்டுன தம்பி தங்கச்சிகளுக்குத்தான் இந்த வீடியோ. ஆப்ஷனல், ஹானர்ஸ்னு நாமளா எடுக்குறது வேற கதை, நான் சொல்லுதது பார் கவுன்சிலோட 2008 ரூல்ஸ்ல கட்டாயம்னு வச்சிருக்கத. மொத்தம் 20 தியரி பேப்பரு, அதுக்கு மேல நாலு கிளினிக்கல், அதாவது செய்முறை பேப்பரு.

தியரிய வேகமா முடிச்சிருதேன். சிபிசி (சிவில் கேஸு நடத்துற முறைச் சட்டம்), எவிடன்ஸ், கம்பெனி லா, டாக்ஸ், லேபர் இதெல்லாம் எந்த செமஸ்டர்ல வரும்ங்கிறது அந்தந்த யுனிவர்சிட்டி வைக்கிறதுதான். ஒண்ணு மட்டும், சீனியர் சும்மா குடுக்காவளேன்னு பழைய ஐபிசி (இந்திய தண்டனைச் சட்டம்) கைட வாங்கிட்டு போயிராதீங்க, 2024 ஜூலை 1லருந்து அதுக்குப் பதிலா பிஎன்எஸ் (பாரதிய நியாய சன்ஹிதா) வந்துட்டு, 358 பிரிவு, நம்பரெல்லாம் மாறிப்போச்சு. ஆனா அந்த தேதிக்கு முன்னால நடந்த குத்தத்துக்கு இன்னும் ஐபிசிதான், அதனால கோர்ட்டுக்குள்ள ரெண்டும் ஓடிக்கிட்டு இருக்கு, தூக்கியும் போட்டுராதீங்க.

சரி, கிளினிக்கலுக்கு வருவோம். டிராஃப்டிங், எத்திக்ஸ், ஏடிஆர் (கோர்ட்டுக்கு வெளிய சமரசமா தீக்குறது), மூட் கோர்ட்டு (மாதிரி கோர்ட்டுல வாதாடுறது). டிராஃப்டிங்ல பிளீடிங் (கோர்ட்டுல போடுற மனு, பதில் மனு) 15, பத்திரம் 15, இத ரெக்கார்டு நோட்டுல எழுதணும், ஒண்ணுக்கு 3 மார்க்கு, 45ம் 45ம் 90, வைவா 10. மார்க்கு கைக்குள்ள இருக்குலா, அதான் எல்லாவனும் சீனியர் ரெக்கார்ட அப்படியே பாத்து எழுதிருதான். நானும் அப்படி எழுதுனவன்தான்.

(திரையில: கிரயப்பத்திரத்தோட சொத்து விவரம்)

ஜூனியரா சேந்த புதுசுல ஒரு கிரயப்பத்திரம் எழுதச் சொன்னாவ. வயலுக்கு மேற்க பாளையங்கால்வாய். நான் என்ன எழுதுனேன்னா, கால்வாய்க்கு மேற்குன்னு எழுதிட்டேன். நம்ம பத்திர பாஷையில கால்வாய்க்கு கிழக்குன்னு எழுதுனாதான் கால்வாய் மேல்பக்கம்னு அர்த்தம், ஏன்னா அது நம்ம நிலம் எங்க கிடக்குன்னு சொல்லுதது, வாய்க்கால் எங்க கிடக்குன்னு இல்ல. சீனியர் பாத்துட்டு "ஏல, வாய்க்காலயே தூக்கி கிழக்க வச்சுட்டியே, அவன் தண்ணிய எங்கருந்துல பாய்ச்சுவான்"னாரு. சிரிப்பா இருக்கும், ஆனா பத்திரத்துல அளவும் எல்லையும் முட்டுச்சுன்னா பெரும்பாலும் எல்லைக்குத்தான் வெயிட்டு, அதுல தப்புனா பொறவு பேரன் காலம் வரைக்கும் கேஸு.

அடுத்து மூட் கோர்ட்டு பேப்பரு. மூட்டுக்கு 30, கட்சிக்காரர பேட்டி எடுக்குறது, இன்டர்ன்ஷிப் டைரி இதுக்கு 30, வைவா 10. மிச்ச 30 ஒரு சிவில் கேஸு, ஒரு கிரிமினல் கேஸு விசாரணைய நேர்ல உக்காந்து பாத்து எழுதுறதுக்கு. இதுலதான் பசங்க ஏமாந்துருதாங்க, ஏதோ ஒரு நாள் வந்து பாப்பாங்க, அன்னைக்கு வாய்தா போட்டிருப்பாவ, எந்திரிச்சு போயிருவாங்க. ஈகோர்ட்ஸ் ஆப்புல கேஸு எந்த ஸ்டேஜ்ல இருக்குன்னு முந்துன நாளே பாருங்க, சாட்சி விசாரணைக்கு இருக்கதா தேடிப் பிடிங்க, குறுக்கு விசாரணை நடக்குதுன்னா மத்தியானச் சோத்தப் பாக்காதீங்க. அன்னைக்கு ராத்திரியே எழுதிருங்க, மறுவாரம் சாட்சி என்ன சொன்னாம்னு ஒண்ணும் ஞாபகம் இருக்காது.

இன்டர்ன்ஷிப் மூணு வருஷ கோர்ஸுக்கு கொறஞ்சது 12 வாரம், அஞ்சு வருஷத்துக்கு 20, ஒரு வருஷத்துல சேந்தாப்புல நாலு வாரத்துக்கு மேல கணக்குல வராது, அதனால கடைசி வருஷம் மொத்தமா முடிச்சிரலாம்னு நெனச்சிக்கிட்டு இருக்காதீங்க.

சரிடே, கோர்ட்டு கூடப்போவுது, நான் உள்ள போறேன்.